வைஸைப் பிடித்து நிற்கும் தூண்

இரும்புத் துண்டு ஒன்றை வைஸில், அதாவது திருகை இறுக்கி இரு தாடைகளுக்கிடையே பொருளைப் பிடிக்கும் கருவியில், கடிக்க வைத்து அரத்தால் ராவும்போது, ஒவ்வொரு தள்ளலுக்கும் மேசை விரற்கடை அளவு முன்னே சாய்ந்து திரும்புமானால், ராவிய முகம் எத்தனை நேரம் உழைத்தாலும் தட்டையாக வராது; நடுவில் மேடும் இரு ஓரங்களில் சரிவுமாகவே நிற்கும். கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், பழைய தேக்கு மேசையின் ஓரத்தில் நான்கு அங்குல வைஸைப் பூட்டி இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் ராவிக்கொண்டிருந்தேன். குறை என் கையில் இருப்பதாகவே நினைத்தேன். லேத் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் பிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் அந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வைஸு புடிச்சாப் பத்தாது கண்ணு, வைஸைப் புடிக்கறதும் கெட்டியா இருக்கோணும்" என்றார். கார் நிற்க வேண்டிய இடத்தில் பெரிய பட்டறை மேசைக்கு வழியில்லை. ஆகவே ஒன்றரை அடிச் சதுரத்தைச் சற்றே மிஞ்சிய இடத்தில் நிற்கும் ஒற்றைத் தூணும், கிளாம்ப்புகளை (துண்டுகளைச் சேர்த்து இறுக்கும் கைப்பிடிக் கருவிகளை) அதிலேயே மாட்டிக்கொள்ளும் வசதியும் கொண்ட வைஸ் ஸ்டாண்டு ஒன்றைச் செய்தேன். அது ஏன் ஆடாமல் நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரை. விசையை நியூட்டனில் சொல்வதே முறை என்றாலும், பட்டறை வழக்கையொட்டி இங்கே கிலோவிலேயே சொல்கிறேன்.

வைஸின் உயிர் அதன் திருகில் இருக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் மலைப்பாதை, நேராக ஏற முடியாத செங்குத்தை 27 கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து, நீண்ட தூரத்தைக் கொடுத்து உயரத்தைச் சிறிது சிறிதாக வாங்குகிறது. திருகின் மரையும் அத்தகைய சாய்தளமே. மலைமேல் மடிந்து ஏறுவதற்குப் பதிலாக அது ஒரு தண்டைச் சுற்றி ஏறுகிறது. கைப்பிடியின் முனை திருகின் மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருந்தால், ஒரு முழுச் சுற்றில் நம் கை ஏறத்தாழ 125 செ.மீ. பயணம் செய்கிறது, மரையின் இடைவெளி 5 மி.மீ. என்றால் தாடை நகர்வது அந்த 5 மி.மீ. மட்டுமே. தூரத்தில் 250 மடங்கு இழந்ததை விசையில் 250 மடங்காகப் பெற வேண்டும். உராய்வு அதில் பெரும்பங்கை, இத்தகைய அளவுகளில் ஐந்தில் நான்கு பங்கை, தின்றுவிடுகிறது. அப்படியும் கையால் 15 கிலோ அளவுக்கு அழுத்தினால் தாடைகளுக்கிடையே ஏறத்தாழ 750 கிலோ பிடி கிடைக்கிறது.

தின்ற உராய்வு நமக்குப் பகையன்று. மரையின் சரிவு நான்கைந்து பாகைதான். இரும்போடு இரும்பு வழுக்கத் தொடங்குவதற்கு, எண்ணெய் பட்டிருந்தாலும், எட்டு பாகையை ஒட்டிய சரிவு வேண்டும். கைப்பிடியை விட்ட பிறகும் திருகு தானாகப் பின்வாங்காமல் நிற்பதற்கு இந்த வேறுபாடே காரணம். உராய்வே இல்லாத வைஸ் ஒன்று இருந்தால், கையை எடுத்த மறுகணம் அது பிடித்ததைக் கீழே போட்டுவிடும்.

கைப்பிடியில் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டி இறுக்குவோர் ஒன்றைக் கருத வேண்டும். பெரும்பாலான வைஸ்களின் உடல் சாம்பல் வார்ப்பிரும்பு. உடைந்த பம்ப் உறை ஒன்றின் உடைந்த முகத்தைப் பார்த்திருந்தால் இது விளங்கும்: வெள்ளிப் பளபளப்பு இல்லாமல் பென்சில் கரி தூவியதுபோல் மங்கிக் கிடக்கும். அந்தக் கரி உண்மையிலேயே கிராபைட்டு. மெல்லிய செதில்களாக இரும்புக்குள் விரவியிருக்கிறது. அழுத்தினால் செதில்கள் தாங்கிக்கொள்கின்றன. இழுத்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசலின் தொடக்கமாகிறது. அதனால் இவ்வகை இரும்பு அழுத்தத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்களவே, சில சமயம் அதைவிடக் குறைவாகவே, இழுப்பைத் தாங்கும். வைஸை அளவு மீறி இறுக்கும்போது அதன் உடல் வளைந்து ஒரு பக்கம் இழுபடுகிறது. முறிவது அந்தப் பக்கத்தில்தான்.

இப்போது ஸ்டாண்டுக்கு வருவோம். தாடைகளுக்கிடையே உள்ள அந்த 750 கிலோ ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதே இல்லை. அசையும் தாடை துண்டை ஒரு பக்கம் தள்ளுகிறது; நிலைத்தாடை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது; இரண்டையும் திருகும் உடலும் இழுத்துப் பிடிக்கின்றன. விசை வைஸுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. சி-கிளாம்ப்பும் இப்படித்தான்: எவ்வளவு இறுக்கினாலும் அதைத் தூக்கும் கைக்குத் தெரிவது அதன் சொந்த எடை மட்டுமே. ஸ்டாண்டுக்குள் இறங்கி வருவது வெளியிலிருந்து நாம் கொடுக்கும் விசைகள்தாம்: அரத்தின் தள்ளல், இரும்பறுக்கும் ஹேக்சாவின் ஓட்டம், பைப் ரென்ச்சின் முறுக்கு, சுத்தியலின் அடி.

அரத்தால் அழுத்தி ராவும்போது முன்னோக்கிய தள்ளல் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தாடையின் மேல்முகம் தரையிலிருந்து 104 செ.மீ. உயரத்தில் இருந்தால், கவிழ்க்க முயலும் திருப்பம் (விசையையும் தொலைவையும் பெருக்கிய அளவு) 12 பெருக்கல் 104, அதாவது 1248 கிலோ-செ.மீ. அடித்தகடு 50 செ.மீ. சதுரமாக இருந்து தூண் நடுவில் நின்றால், தள்ளும் திசையிலுள்ள விளிம்புக்கும் மொத்த எடை செயல்படும் கோட்டுக்கும் இடையே 25 செ.மீ. இருக்கும். நான் போட்ட கணக்கு இது: 10 மி.மீ. தடிப்புள்ள அடித்தகடு 19.6 கிலோ, 80 மி.மீ. சதுரக் குழாய்த் தூண் 8 கிலோ, அதனுள் கொட்டிய மணல் 7 கிலோ, மேல்தகடு 4 கிலோ, வைஸ் 10 கிலோ. கூட்டினால் 48.6 கிலோ. 25 ஆல் பெருக்கினால் ஸ்டாண்டு தாங்கும் திருப்பம் 1215. தேவையோ 1248. வேகமாக ராவினால் அடித்தகட்டின் பின்விளிம்பு தரையை விட்டு எழும்பும் நிலை இது.

கிளாம்ப்புகளின் வேலை இங்கே தொடங்குகிறது. ஆறு சி-கிளாம்ப்புகளும் இரண்டு மூன்று எஃப்-கிளாம்ப்புகளும் சேர்ந்தால் 10 கிலோவுக்குக் குறையாது. சுவரில் ஆணியடித்து மாட்டினால் அவை வெறும் சுமை. தூணின் இடவலப் பக்கங்களில் மாட்டினால் தாங்கும் திருப்பம் 1465 ஆகிவிடுகிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கிளாம்ப்பை ஸ்டாண்டில் மாட்டுகிறோம் என்றே பலர் நினைப்பார்கள். என் கருத்தில் இடம் மிச்சமாவது இரண்டாவது பயன்தான். கிளாம்ப் இருப்பதனால்தான் சிறிய அடித்தகடு போதுமானதாகிறது. தூணின் முன்புறம், நாம் தள்ளும் திசையில், அவற்றை மாட்டக் கூடாது. கவிழும் விளிம்புக்கு அருகில் போவதால் அந்த எடையின் பயன் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

எந்த உயரத்தில் மாட்டுவது என்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. எடை தாழ இருந்தால் அடித்தகடு எழும்பவே எழும்பாது என்பார்கள். சமதரையில், எழும்பத் தொடங்கும் கணத்தை எடையின் உயரம் சிறிதும் மாற்றுவதில்லை. கிடைமட்டத் தொலைவும் எடையும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. உயரத்தின் பங்கு அதற்குப் பின்னரே வருகிறது. எழும்பிய ஸ்டாண்டு திரும்பித் தரையில் அமருமா, அப்படியே சாய்ந்துவிடுமா என்பதற்கான எல்லைக்கோணம் எடைமையத்தின் உயரத்தைப் பொறுத்தது. கிளாம்ப்புகளைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மாட்டினால் இந்த ஸ்டாண்டு 33 பாகை சாயும் வரை திரும்பி நிற்கும், 75 செ.மீ. உயரத்தில் மாட்டினால் 28 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இந்த ஐந்து பாகை பெரிய விஷயம். ஆகவே முழங்காலுக்குக் கீழேயே மாட்டுங்கள்.

இவை அனைத்தையும் விடச் சிக்கனமான எடை ஒன்று உண்டு. அது வேலை செய்பவரின் உடம்பு. இடது காலை முன்வைத்து ராவுபவர், அந்தக் காலை அடித்தகட்டின் பின்பகுதியில் ஊன்றி, உடல் எடையில் 30 கிலோவை அதில் இறக்கினால், கவிழும் விளிம்பிலிருந்து 45 செ.மீ. தொலைவில் அது செயல்பட்டு 1350 சேர்க்கிறது. தாங்கும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தகட்டைப் பின்பக்கம் நீட்டி இரண்டு கால்களையும் அதன்மேலேயே வைத்துக்கொண்டால் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்கிறது. கை வைஸை முன்னே தள்ளுகிறது. அதே அளவில் பாதம் தகட்டைப் பின்னே தள்ளுகிறது. இரண்டும் ஒரே ஸ்டாண்டில் செயல்படுவதால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. தாடைகளின் 750 கிலோ வைஸுக்குள்ளேயே முடிந்ததைப் போலவே, தள்ளலும் நம் உடம்பும் ஸ்டாண்டும் சேர்ந்த வளையத்துக்குள் முடிந்துவிடுகிறது. தரைக்குப் பக்கவாட்டு விசை எதுவும் போவதில்லை. இதற்காகவே லாரி, பஸ் தளங்களில் போடும் செக்கர் பிளேட்டில் 30 செ.மீ. அகலத் துண்டு ஒன்றைப் பின்பக்கம் போல்ட்டால் பூட்டிக்கொண்டேன். வேலை இல்லாதபோது கழற்றிச் சுவரில் சாய்த்துவிடலாம்.

தூணுக்கு ஏன் சதுரக் குழாய்? திறந்த வடிவமுள்ள எல்-ஆங்கிளும் சேனலும் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைக் குழலாகச் சுருட்டி, சேரும் விளிம்பை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, குழல் எளிதில் திருகிக்கொள்ளும். விளிம்பை முழு நீளத்துக்கும் டேப்பால் ஒட்டிவிட்டு முறுக்கினால் கை வலிக்கும். அட்டை அதேதான்; மூடிய வடிவம் முறுக்கைச் சுற்றிச்சுற்றிக் கடத்துகிறது, திறந்த வடிவத்துக்கு அந்தச் சுற்றுப்பாதை இல்லை. 80 மி.மீ. சதுரக் குழாயின் 4 மி.மீ. சுவரில் நெடுக ஒரு கீற்று வெட்டிவிட்டால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 200 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். தோட்டத்து மோட்டாரிலிருந்து கழற்றி வந்த ஜி.ஐ. குழாயின் துருப்பிடித்த சாக்கெட்டை இரண்டடி பைப் ரென்ச்சால் கழற்றும்போது தூண் படுவது இந்த முறுக்கையே. ஆங்கிள் தூண் அப்போது கண்ணுக்குத் தெரியுமளவு திருகும்.

மணல் எடைக்காக மட்டுமன்று. வெறும் குழாயைச் சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அந்த ஒலி அரத்தின் பற்களிலும் நடுக்கமாக வந்து சேர்ந்து, ராவிய முகத்தில் அலை அலையான தடங்களை விடும். மணல் நிரப்பினால் குருணைகள் ஒன்றோடொன்று உரசி அந்த அதிர்வை வெப்பமாக மாற்றிவிடுகின்றன. தட்டினால் 'தொப்'பென்ற ஓசையே எழும். எம்-சாண்டு போதும், ஆனால் வாணலியில் வறுத்து ஈரம் முழுதும் போன பிறகே கொட்ட வேண்டும். ஈரமணல் உள்ளிருந்து துருவேற்றும். மணலைக் கொட்டிவிட்டு வெல்டிங் வைப்பது ஆபத்து: மூடிய குழாயில் ஈரம் ஆவியாகி அழுத்தம் கூடும். எல்லா வெல்டிங்கும் முடிந்து ஆறிய பின், மேல்தகட்டில் விட்ட துளை வழியே நிரப்பி, ஒரு போல்ட்டால் அடைத்துவிடலாம்.

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது சுருக்கம். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு பக்கத்தை முழுதும் ஓட்டிவிட்டு மறுபக்கம் போனால் தூண் சாய்ந்துவிடும். நான்கு பக்கமும் முதலில் புள்ளிவைத்து, மூலைமட்டம் பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களாகச் சிறுசிறு நீளத்தில் ஓட்ட வேண்டும். எவ்வளவு கவனித்தாலும் அடித்தகடு சிறிது வளையும். ஆகவே அதைத் தரையில் நேராகப் பதிக்காமல், நான்கு மூலைகளிலும் நட்டு வெல்டு செய்து லெவல் போல்ட்டுகள் பூட்டிவிடுவது நல்லது. மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஆடாது என்பது உண்மையே. ஆனால் ஒரே வட்டத்துக்குள் அடங்கும் முக்கோணத்தின் விளிம்பு மையத்திலிருந்து வட்ட ஆரத்தில் பாதித் தொலைவில்தான் இருக்கும். சதுரத்தின் விளிம்போ பத்தில் ஏழு பங்குத் தொலைவில் இருக்கும். இடம் குறைந்த ஷெட்டில் அந்த வேறுபாட்டை இழக்க எனக்கு மனமில்லை.

உயரத்தை அளக்க எளிய வழி, வேலையின்போது அணியும் செருப்போடு நின்று, கையை மடக்கிக் கைமுட்டியை முகவாய்க்குக் கீழே வைப்பது. முழங்கை நுனி எட்டும் உயரமே தாடையின் மேல்முகம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 104 செ.மீ.யை ஒட்டி வரும். வைஸின் உயரம் 15 செ.மீ. போனால் ஸ்டாண்டு 89 செ.மீ. வைஸைப் பூட்டும்போது நிலைத்தாடையின் முகம் மேல்தகட்டின் விளிம்பைத் தாண்டிச் சற்றே வெளியே நிற்கட்டும். இல்லாவிட்டால் நீளமான துண்டைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது தகடு தடுக்கும்.

கிளாம்ப் மாட்டக் கொக்கிகள் தேவையில்லை. தூணின் இடவலங்களில் 40 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டைக்கம்பியைக் கிடைமட்டமாக, ஓர் அங்குலம் தள்ளி வெல்டு செய்துவிட்டால், சி-கிளாம்ப்புகள் தம் திருகாலேயே அதைக் கடித்துக்கொண்டு தொங்கும். விரல் நுனியால் இறுக்கும் அளவு போதும். எஃப்-கிளாம்ப்பின் பிடி வேறு வகை. அதன் நகரும் கை, அது ஓடும் நீண்ட இரும்புப் பட்டையான பாருக்குச் செங்குத்தாக நிற்கும்வரை தாராளமாக வழுக்கும்; திருகை இறுக்கியதும் சற்றுச் சாய்ந்து, பாரின் இரு ஓரங்களையும் மேலொன்று கீழொன்றாகக் கடிக்கிறது. திருகு பாரை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பலமாகக் கடிக்கும். கடியின் உராய்வு திருகின் விசையை மிஞ்சும்போது கை பூட்டிக்கொள்கிறது. ஆகவே திருகின் மரைக்கு எண்ணெய் விடலாம். பாருக்கு விடக் கூடாது. துருவேறிய பாரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, முழுதும் உலரவிட்டு, பிறகு ஸ்டாண்டில் மாட்ட வேண்டும்.