மரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்குவதற்கு முன்

தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும் உறவினர்கள் முதலில் சொல்வது, தலையில் அடியில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது என்பதைத்தான். நான் முதலில் கேட்பது, விழுந்த இடத்தில் கைகால்களை அசைத்தாரா என்பதை. "கீழே கிடந்தப்போ காலை ஆட்டினார் சார், ஆட்டோவில உட்கார வச்ச பிறகுதான் மரத்துப்போச்சுன்னார்" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகிறது.

மூளையும் தண்டுவடமும் ஒரே உறுப்பின் தொடர்ச்சி என்றே சொல்லலாம். இரண்டையும் போர்த்தியிருப்பவை அதே மூன்று உறைகள். இரண்டையும் சூழ்ந்திருப்பது அதே திரவம். ஆனால் ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை அசையாத மண்டையோட்டுக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் பருமனும் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தண்டுவடமோ, குனிந்து நிமிரும் முள்ளெலும்புகளின் நடுவே ஓடும் கால்வாயில் இருக்கிறது. விபத்தில் அது முழுவதுமாக அறுந்துபோவது அரிது. முறிந்த எலும்பு இடம்பெயர்ந்து அதை நசுக்குவதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த இடப்பெயர்ச்சி சில சமயம் மரத்தடியில் அல்ல, தூக்கும் கைகளில் நிகழ்கிறது.

நசுங்கிய இடம் எது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். மூச்சுவிட உதவும் உதரவிதானத்தை இயக்குபவை கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகள். அதற்கு மேலே அடிபட்டால் மூச்சே நின்றுபோகலாம். கழுத்தின் கீழ்ப்பகுதி என்றால் விரல்களின் பிடி போகும். நடுமுதுகு என்றால் கால்களும், சிறுநீர், மலத்தின் மீதான கட்டுப்பாடும் போகும். இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே தண்டுவடம் முடிந்து, அதன் கீழே குதிரைவால் போன்ற நரம்புக்கற்றை மட்டுமே தொங்குகிறது. (சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி இந்தக் கற்றை உள்ள பகுதியில்தான் போடப்படுகிறது என்பதால், தண்டுவடத்தையே குத்திவிடுவார்களோ என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை.)

கையில் அறுபட்ட நரம்பு தைத்தபின் மெல்ல வளரக்கூடும். தண்டுவடத்தின் இழைகள் அப்படி வளர்ந்து இணைவதில்லை. ஆகவே எஞ்சியிருக்கும் இழைகளைக் காப்பதே எங்கள் வேலை, அது விழுந்த இடத்திலேயே உங்களிடம் தொடங்குகிறது. 108ஐ அழையுங்கள். விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள், சுளுக்கு என்று எண்ணி நீவிவிடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உணர்வற்ற காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, அவருக்கே தெரியாமல் தோல் வெந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் தலையை இருபுறமும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்தால் மட்டும், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டையைப் போல ஒன்றாகத் திரும்பும்படி நான்கைந்து பேர் சேர்ந்து பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத ஊரில் கதவுப் பலகையைப் போன்ற விறைப்பான தளத்தில் அதே முறையில் கிடத்திக் கொண்டுவாருங்கள்.

எத்தனை மணிக்கு விழுந்தார், கால் கடைசியாக எப்போது அசைந்தது என்ற இரண்டையும் உடன் வருபவர் கவனித்து வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்லுங்கள். அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சையை எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்பதை அந்த விவரத்தை வைத்துத்தான் நாங்கள் முடிவுசெய்கிறோம்.