கேம் ஏஐ படிக்க வருபவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

கேம் தயாரிப்பில் ஏஐ புரோகிராமர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் பணியில் ஒரு பகுதி. இப்போதெல்லாம் அவை அச்சடித்தாற்போல் இருக்கின்றன: பைதான், நியூரல் நெட்வொர்க், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங், கூடவே சில ஆன்லைன் சான்றிதழ்கள். நேர்காணலில் நான் கேட்பது வேறு. ஒரு காவலாளி பிளேயரைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். பாதி வழியில் கதவு பூட்டிக்கொள்கிறது. அடுத்து அவன் என்ன செய்வான், அதை எப்படி எழுதுவீர்கள்? பலரும் இங்கே திணறிப்போகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. கேமுக்குள் ஏஐ எப்படி இயங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு வேறெதையோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

1980இல் வந்த பேக்-மேனிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதில் நான்கு பேய்கள். சிவப்புப் பேய், பிளேயர் இருக்கும் கட்டத்தையே குறிவைக்கிறது. இளஞ்சிவப்பு, பிளேயர் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால். நீலத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது: பிளேயருக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி, சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அதை இரட்டிப்பாக நீட்டினால் எங்கே முடிகிறதோ அதுதான் இலக்கு. ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும். நெருங்கிவிட்டால் தன் மூலையைப் பார்த்துப் போய்விடும். அவ்வளவுதான். பேய்கள் கூடித் திட்டமிடுவதில்லை, எதையும் கற்பதில்லை. ஆனால் ஆடுபவருக்கு நாலாபுறமும் வளைத்துப் பிடிக்கப் பார்ப்பதுபோல் இருக்கும். இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு: அவ்வப்போது நான்குமே துரத்துவதை விட்டுவிட்டு மூலைகளுக்கு ஒதுங்கும். ஆடுபவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஜெயிப்பதற்காக மட்டுமே எழுதப்பட்ட எதிரி இந்த அவகாசத்தைத் தராது. ஆடுபவருக்கு என்ன அனுபவம் கிடைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, பிறகு அதற்கேற்ற விதியை எழுதுவதுதான் இந்தத் தொழில்.

பேய்களைப்போல் ஒரு நேரத்தில் ஒரு நிலை, நிபந்தனை மாறினால் வேறு நிலை என்று நடத்தையைப் பிரித்து எழுதும் முறையை ஸ்டேட் மெஷின் என்போம். ரோந்து, சந்தேகம், துரத்தல், தேடல் என்று நான்கைந்து நிலைகள் வரை அது சுகமாக இருக்கும். இருபதைத் தாண்டினால் எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்ற அம்புக்குறிகளே ஆளை விழுங்கிவிடும். அந்தத் தலைவலியிலிருந்துதான், செய்ய வேண்டியவற்றை மரக்கிளைகள்போல் அடுக்கி வைக்கும் பிஹேவியர் ட்ரீ போன்ற வடிவங்கள் பரவின. 2004இல் வந்த ஹேலோ 2 கேம் அதற்குப் பெரிய விளம்பரம். கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் இன்று அது தயாராகவே கிடைக்கிறது.

நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது 2005இல் வந்த ஃபியர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் பற்றி. அதன் எதிரி வீரர்கள் புத்திசாலிகள் என்று இன்றும் பேசப்படுகிறார்கள். ஜெஃப் ஆர்கின் வடிவமைத்த அந்த ஏஐயில் ஸ்டேட் மெஷினுக்கு மூன்றே நிலைகள். என்ன செய்வது என்பதை, இலக்கையும் கைவசமுள்ள செயல்களையும் வைத்து பிளானர் என்ற திட்டமிடும் பகுதி முடிவு செய்கிறது. அதன் வேர் 1971இன் ஸ்ட்ரிப்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. தொழில்நுட்பம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீரர்கள் ஒருவரோடொருவர் கத்திப் பேசுவதைக் கவனியுங்கள். கூட்டாளிகளெல்லாம் விழுந்து மிஞ்சிய ஒருவன் கூடுதல் படை வேண்டும் என்று கத்துவான். அதற்காக நிரலில் எந்தப் படையும் அனுப்பப்படுவதில்லை. பிளேயர் அடுத்த பகுதிக்குப் போனால் அங்கே எப்படியும் எதிரிகள் இருப்பார்கள். அழைத்ததால்தான் வந்தார்கள் என்று அவரே முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஒரு வரி வசனம் செய்த வேலை இது. ஏஐ எழுதுபவர் சவுண்டு, அனிமேஷன் குழுக்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

வழி தேடுவதற்கு ஏ-ஸ்டார் என்ற அல்காரிதம். கடந்து வந்த தூரத்தோடு, இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டையும் கூட்டிப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும். ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968இல் வெளியிட்டது. ஷேக்கி என்ற ரோபோவுக்கான ஆய்வில் பிறந்தது. யூனிட்டி, அன்ரியல், கோடாட் என எல்லா கேம் எஞ்சின்களிலும் வழி தேடும் நேவிகேஷன் தயாராக இருக்கிறதே, நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். ஒருமுறையாவது கட்டம் போட்ட வரைபடத்தில் கையால் எழுதிப் பாருங்கள். அந்த மதிப்பீட்டைப் பூஜ்ஜியமாக்கினால் அது டைக்ஸ்ட்ரா என்ற இன்னொரு வழி தேடும் அல்காரிதமாகிவிடும். மிகையாக்கினால் வேகமாக ஓடும், ஆனால் குறுகிய வழி கிடைக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். இதெல்லாம் கைப்பட்டிருந்தால்தான், ஒரு கேரக்டர் சுவர் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பாதை தவறா, பாதையைப் பின்பற்றும் கோட் தவறா, பிசிக்ஸ் தள்ளிவிடுகிறதா என்று பிரித்தறிய முடியும்.

இன்னொரு விஷயம் நேரம். திரையில் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள் என்றால் ஒரு பிரேமுக்கு 16.67 மில்லி விநாடி. கிராபிக்ஸ், பிசிக்ஸ், அனிமேஷன் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஏஐக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. ஐம்பது எதிரிகளும் ஒவ்வொரு பிரேமிலும் பிளேயர் கண்ணில் படுகிறாரா என்று சோதித்தால் கேம் திக்கித் திணறும். அந்தச் சோதனைகளைப் பல பிரேம்களுக்குப் பங்கிட்டுவிடுவோம். பார்வையில் பட்ட கணமே எதிரி சுட்டால் ஆடுபவர் ஏமாற்றுகிறார்கள் என்பார், ஆகவே சிறு தாமதம் தேவை. இரண்டும் சேர்ந்து நமக்கு வசதியாகப் போகிறது.

பிறகு டீபக், அதாவது நிரலில் பிழை தேடித் திருத்துவது. 2013இல் வந்த ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸில் ஏலியன்கள் மந்தமாக நடந்துகொண்டதாகப் பலரும் குறைப்பட்டார்கள். சில வருடம் கழித்து ஆர்வலர் ஒருவர் அதன் அமைப்புகளைக் குறிக்கும் கான்ஃபிக் கோப்பில் டெதர் என்ற ஆங்கிலச் சொல் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கண்டார். அதை நீக்கியதும் ஏலியன்களின் நடத்தை கண்கூடாக மேம்பட்டது. சொல் பிழையானாலும் எஞ்சின் முனகாமல் ஓடும். தப்பைக் காட்டிக்கொடுக்க நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மெஷின் லேர்னிங் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2019இல் டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார் என்ற ஏஐ, ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் வியூக கேமில் உச்சப் பிரிவான கிராண்ட்மாஸ்டர் நிலையைத் தொட்டது. கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய கேமுக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட சோஃபி என்ற ஏஐ, 2023இல் கேமுக்குள்ளேயே வந்து ஆடுபவர்களோடு கார் ஓட்டியது. பந்தயத்தில் இலக்கு தெளிவு, அதனால் பொருந்துகிறது. கதை சொல்லும் கேமில் டிசைனர் வந்து, மூன்றாவது லெவலில் இந்த எதிரி இன்னும் கொஞ்சம் பயந்தவனாக இருக்கட்டும் என்பார். பிஹேவியர் ட்ரீயில் அது ஓர் எண்ணை மாற்றும் வேலை. பயிற்றுவித்த மாடலில் மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை, அதற்குள் வேறெங்கோ நடத்தை மாறியிருக்கும். மொழி மாடலை இணைத்த கேரக்டர்கள் அழகாகப் பேசுகின்றன. பூட்டிய கதவைத் திறந்திருப்பதாகவும் அதே அழகோடு சொல்லும். கேமின் உண்மை நிலையை அவற்றுக்கு ஊட்ட, மேலே சொன்ன பழைய அடித்தளமே வேண்டும்.

விண்ணப்பிக்கிறவர்கள் பெரிய கேம் காட்ட வேண்டியதில்லை. ஒரு வீடு, ஒரு காவலாளி, ஒரு திருடன் போதும். ஒரு விசையை அழுத்தினால் காவலாளியின் தலைமேல் அவன் நிலை, தரையில் அவன் பாதை, எதிரே அவன் பார்வைக் கூம்பு எல்லாம் தெரிய வேண்டும். நடுவில் கதவைப் பூட்டிக் காட்டுங்கள். அந்த டீபக் கோடுகள் இல்லாத வீடியோக்களை நான் முழுதாகப் பார்ப்பதில்லை.