பேச்சு போன பிறகும் வந்த பாட்டு

அமெரிக்காவின் கன்ட்ரி என்னும் நாட்டுப்புறச் சாயல் இசையைப் பாடும் ராண்டி டிராவிஸின் குரல் எனக்குப் பின்னிருந்து முன்னாக அறிமுகமானது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு பயிற்சி வகுப்பில்தான் அவர் பெயரையே கேள்விப்பட்டேன். திரையில் ஓடியது 2016 அக்டோபரில், கன்ட்ரி இசையின் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட விழா. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 54 வயதில், பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்திருந்தது. விழா மேடையில் 'அமேசிங் கிரேஸ்' என்ற கிறித்தவப் பக்திப் பாடலைப் பாடினார். சொற்கள் தயங்கித் தயங்கி வந்தன. ஆனால் வந்தன.

அன்றிரவே அவருடைய 1986ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்' முழுவதையும் கேட்டேன். கனத்த, ஆழமான குரல். அவசரமே இல்லாமல் சொல்லின் கடைசி அசையை வளைத்துக் கீழே இறக்குகிறார். இத்தனை வருடம் கேட்காமல் போனோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

பேச்சு போனவருக்கும் பாட்டு வருவதைப் பேச்சுப் பயிற்சியாளராக நான் நாள்தோறும் பார்க்கிறேன். டிராவிஸுக்கு வந்த குறைபாட்டை அஃபேசியா என்கிறோம். பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கம் உள்ளன. அங்கே அடிபட்டால் சொல் சிக்கிக்கொள்கிறது; அறிவு போய்விடுவதில்லை. பாட்டில் வலப்பக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் தன் பெயரைச் சொல்ல முடியாதவர்கூடச் சிறுவயதில் கற்ற பாட்டைப் பாடிவிடுகிறார்.

பாட்டு வந்தால் பேச்சும் தானாக வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. டிராவிஸுக்கே இன்றும் சில சொற்கள்தாம். பெரும்பாலும் மனைவி மேரிதான் அவருக்காகப் பேசுகிறார். 1970களில் பாஸ்டனில் உருவான ஒரு முறையை நான் சிலருக்குப் பயன்படுத்துகிறேன். சிறு தொடரை இரண்டே சுரங்களில் இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒருமுறை நோயாளியின் இடக்கையை மேசையில் தட்டுவேன். பிறகு மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு இழந்தவர் காது கேளாதவர் அல்லர், கத்தாதீர்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். யாருக்காவது திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் நான்கு மாதங்களாக "சரி" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்தார். கேட்டது எதுவானாலும் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். ஒருநாள் அந்த அம்மாவைப் பொறுத்திருக்கச் சொன்னேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவரின் இடக்கை மேசையில் மூன்று முறை விழுந்தது. "கா... பி... தா" என்றார்.