எங்கள் ஊர்க் கோயிலுக்கு எதற்குச் சான்று?

தமிழ் விக்கிப்பீடியாவில் நிருவாகியாக இருக்கும் எவருடைய பேச்சுப் பக்கத்தையும் (மற்றவர்கள் அவருக்குச் செய்தி விட்டுப்போகும் பக்கம்) திறந்து பாருங்கள். பாதி இடத்தை ஒரே கேள்வி அடைத்துக்கொண்டிருக்கும்: "என் கட்டுரையில் ஏன் கை வைத்தீர்கள்?" போன வாரம் என்னிடம் வந்தவர் வழக்கத்தைவிடக் கோபமாக இருந்தார். தம் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தார், எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் மேற்கோள் ஒன்றுகூட இல்லை. மேற்கோள் கேட்டு வார்ப்புரு, அதாவது ஓர் அறிவிப்புப் பட்டை, இட்டேன், எடுத்துவிட்டார். மறுபடி இட்டேன். மறுபடி எடுத்துவிட்டு, "நான் அந்தக் கோயில் வாசலில் விளையாடி வளர்ந்தவன். எனக்குத் தெரியாதது உமக்கு என்ன தெரியும்?" என்று எழுதினார்.

ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாதுதான். உங்கள் ஊருக்கு நான் வந்ததே இல்லை. கட்டுரையைப் படிக்கப்போகிற மற்றவர்களும் வந்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இந்த ஒரு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சான்று கேட்டால் 'நீ பொய் சொல்கிறாய்' என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் பொய் சொல்வதாக யாரும் நினைக்கவில்லை. நீங்கள் யார் என்பதே யாருக்கும் தெரியாது, சிக்கல் அங்கேதான். பயனர் பெயரை எவர் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் இருப்பவர் ஐம்பது வருடமாகக் கல்வெட்டு படிக்கும் பேராசிரியரா, பள்ளி விடுமுறையில் பொழுதுபோகாத பையனா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? வேறு மாவட்டத்தில் பள்ளித் திட்டப்பணிக்காக அந்தப் பக்கத்தைத் திறக்கும் மாணவி உங்களுக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது. அடிக்குறிப்பில் ஒரு நூலின் பெயரும் பக்க எண்ணும் இருந்தால், அவளோ அவளுடைய ஆசிரியரோ எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். 'மெய்யறிதன்மை' என்று கொள்கைப் பக்கத்தில் கனமாக எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. உங்கள் கட்டுரையைக் காப்பாற்றுவதே அந்தச் சான்றுதான். நீங்கள் "1,000 ஆண்டுகள் பழமையான கோயில்" என்று எழுதுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வந்து அதை 2,000 ஆக்குகிறார். 'அண்மைய மாற்றங்கள்' பட்டியலில் அந்தத் திருத்தம் என் கண்ணில் படுகிறது. எதை வைத்து மீளமைப்பது? உங்கள் 1,000-க்கும் ஆதாரம் இல்லை, அவருடைய 2,000-க்கும் இல்லை. ஒரு பக்க எண் இருந்திருந்தால் ஒரே சொடுக்கில் பழையபடி மாற்றிவிட்டுப் போயிருப்பேன். சான்றில்லாத வரி அநாதை, எவர் வந்து இழுத்தாலும் அவர் பின்னால் போகும்.

சரி, அந்தக் கோயில் கட்டுரைக்கே வருவோம். அதில் இருந்த முதல் வரி: "இக்கோயில் முதலாம் இராசராச சோழனால் கட்டப்பட்டது." ஊர்க் கோயில் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். ராஜராஜனுக்கு வேறு வேலையே இருந்திருக்காது போலிருக்கிறது. எங்கிருந்து தெரியும் என்று கேட்டால், "கோயில் சுவரில் அவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். கல்வெட்டில் ஒரு மன்னனின் ஆட்சியாண்டு வந்தால், அந்த ஆண்டில் யாரோ ஒருவர் அணையாத நந்தா விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடு விட்டார், அல்லது நிலம் எழுதிவைத்தார் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கட்டியவர் யார் என்று அது சொல்லாது. கோயில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். திருப்பணியின்போது வேறிடத்துக் கல்லைக் கொண்டுவந்து பதித்திருக்கவும் கூடும். தஞ்சைப் பெரிய கோயில் கதை வேறு. "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம்" என்று மன்னனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான், அது 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியும் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் 'கட்டினான்' என்று தாராளமாக எழுதலாம்.

அப்போது நம் ஊர்க் கோயிலுக்கு என்ன எழுதுவது? இந்தியத் தொல்லியல் துறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண், ஆண்டு, ஊர், மன்னன் பெயர், இரண்டு வரியில் செய்தி. உங்கள் ஊர்ப் பெயர் அதில் கிடைத்துவிட்டால், "இக்கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு உள்ளது" என்று எழுதி, அறிக்கையின் ஆண்டையும் கல்வெட்டின் எண்ணையும் கொடுங்கள். பழைய வரியை விட இது சின்னதுதான், ஆனால் எவராலும் அசைக்க முடியாது. தல புராணத்தில் இந்திரன் வந்து வழிபட்டான் என்று இருந்தால் அதையும் தாராளமாக எழுதலாம், 'தல புராணத்தின்படி' என்ற முன்னொட்டோடு. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, இந்திரன் வந்ததை கும்பாபிஷேகத் தேதி மாதிரி எழுதும்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது.

அடுத்த சமாதானம்: "ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறதே, அதைத்தான் மொழிபெயர்த்தேன்." விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியாவே சான்றாகாது, எந்த மொழியானாலும். அங்கே இருக்கும் அடிக்குறிப்புகளைக் கொண்டுவாருங்கள், ஆனால் திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இணைப்பு செத்துப்போயிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தியே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் படிக்காத நூலை நீங்கள் மேற்கோள் காட்டக் கூடாது. இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

பத்திரிகையில் வந்துவிட்டதே என்பார்கள். வந்ததுதான், எப்போது வந்தது? 2009 பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் அறிவிக்கப்பட்டபோது, ஏற்கெனவே ரயில் நீளத்துக்கு இருந்த அவர் பெயரில் யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 'வில்ஹெல்ம்' என்று ஒரு பெயரைச் செருகிவிட்டார். 'பில்ட்' நாளிதழ் அதை அப்படியே அச்சிட்டது, வேறு ஊடகங்களும் எழுதின. விக்கிப்பீடியாவில் சந்தேகம் எழுந்தபோது, அந்தச் செய்திகளையே சான்றாகக் கொண்டுவந்து காட்டினார்கள். பொய் ஒரு சுற்று போய்விட்டு, கையில் அத்தாட்சியோடு திரும்பி வந்தது. நம் ஊரில் ஆன்மிக இணைப்பிதழ்களும் ஊர்ப் பெருமைத் தொடர்களும் எங்கிருந்து எடுக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? ஒரு பத்திரிகைச் செய்தியைச் சான்றாகச் சேர்ப்பதற்கு முன் கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து, அந்த வாக்கியம் என்றைக்கு விக்கிப்பீடியாவில் நுழைந்தது என்று பாருங்கள். பத்திரிகைத் தேதி அதற்குப் பிந்தியதாகவும், சொற்கள் வரிக்கு வரி ஒன்றாகவும் இருந்தால் அது சான்றில்லை, எதிரொலி.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளில் எனக்குப் பொறுமையே கிடையாது. அங்கே வார்ப்புரு எல்லாம் இட்டுக்கொண்டிருக்க மாட்டேன். சான்றில்லாத, ஒருவரைப் பாதிக்கக்கூடிய வரியைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நீக்குவேன், விவாதத்தைப் பிறகு பேச்சுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது என்று 2005 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ ஒருவர் விளையாட்டாக எழுதினார். சீகன்தாலர் ராபர்ட் கென்னடியிடமே வேலை பார்த்தவர். சான்று எதுவும் இல்லாத அந்த வரிகள் நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. அவர் நாளிதழில் அதை எழுதியபிறகுதான் விஷயம் வெடித்தது. அந்த டிசம்பரிலேயே, கணக்கு இல்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது.

நம்மிடம் இதன் உள்ளூர் வடிவம் சாதி. நடிகர், அரசியல்வாதி, விளையாட்டு வீரர் என எவர் பக்கமாக இருந்தாலும், இரவோடிரவாக வந்து ஒரு சாதிப் பெயரைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் இன்னொருவர் வந்து வேறு சாதியாக்குகிறார். ஒருவர் தாமே பொதுவில் சொல்லி அது நம்பகமான இடத்தில் பதிவாகியிருந்தால் ஒழிய, அந்த வரிக்கு அங்கே இடமில்லை. அப்புறம் இறப்புச் செய்தி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்தால் போதும், சில நிமிடங்களில் கட்டுரையில் 'இருக்கிறார்' எல்லாம் 'இருந்தார்' ஆகிவிடுகிறது. மருத்துவமனையோ குடும்பத்தாரோ அறிவித்து, நாளிதழ்களில் வரட்டும். யாரும் நம்மிடம் முந்தித் தரச் சொல்லவில்லை.

இதுவரை எழுதுபவர்களைத் திட்டினேன். இனி, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் சக துப்புரவுப் பணியாளர்களுக்கு. வார்ப்புரு ஒட்டுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? ஒரே நாளில் நூறு கட்டுரைகளில் மேற்கோள் இல்லை என்று பட்டை கட்டிவிட்டுப் போகிறவர்களால் ஒரு சான்றும் வந்து சேர்வதில்லை. ஒட்டுவதற்கு முன் தேடிப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஈழத்துச் செய்தி என்றால் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் தளம் இருக்கிறது, மாவட்டக் கையேடுகள் இருக்கின்றன, ஊர்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. கிடைத்தால் நீங்களே சேர்த்துவிடுங்கள், வார்ப்புரு ஒட்டுவதைவிடச் சில நிமிடங்கள்தான் கூடுதலாக ஆகும். கிடைக்காவிட்டால், கட்டுரையின் தலையில் பட்டை கட்டாமல் ஐயமான வாக்கியத்தின் பக்கத்திலேயே சான்று கேளுங்கள். எந்த வரி சிக்கல் என்று எழுதியவருக்குத் தெரிய வேண்டாமா? சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதற்கெல்லாம் சான்று கேட்டு யாரையும் விரட்டாதீர்கள். புதுப்பயனர் என்றால் நீக்கல் வேண்டுகோளுக்கு முன் அவர் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். தானியங்கி வரவேற்புச் செய்தியை யாரும் படிப்பதில்லை.

இணைப்பு இறந்திருந்தால் உடனே மேற்கோளைத் தூக்காதீர்கள், இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய படி கிடைக்கிறதா என்று பாருங்கள். அரசுத் தளங்கள் முகவரி மாற்றிக்கொண்டே இருக்கும், அது எழுதியவரின் குற்றமில்லை.

கடைசியாக, மேற்கோள் இல்லாத கட்டுரையைவிட எனக்கு இப்போது அதிகப் பயம் தருவது மேற்கோள் நிறைந்த கட்டுரை. கோவாவின் பிச்சோலிம் பகுதியில் 1640-41இல் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்ததாக ஒரு போர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் எழுதப்பட்டு, 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் பெற்று, ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. 2012 இறுதியில் ஒருவர் மேற்கோளில் இருந்த நூல்களைத் தேடப் போய்த்தான் குட்டு உடைந்தது. அந்தக் காலத்தில் இதைச் செய்ய ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம் "சான்றுகளோடு எழுதித் தா" என்று கேட்டால், இல்லாத நூலுக்கு ஆசிரியர், பதிப்பகம், பக்க எண், ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஐஎஸ்பிஎன்னின் கடைசி இலக்கம் முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. கற்பனை எண்கள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், மாட்டாதவற்றை நூலகப் பட்டியலில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படி ஒட்டினால் உங்கள் பழைய கட்டுரைகள் அத்தனையையும் நாங்கள் தோண்ட வேண்டிவரும், சொல்லிவிட்டேன்.

உங்கள் கட்டுரை நீக்கப்பட்டுவிட்டதா? அது எங்கும் போய்விடாது, நிருவாகிகளால் பார்க்கவும் மீட்கவும் முடியும். ஒத்தாசைப் பக்கத்தில் கேட்டால் உங்கள் மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் பக்கம்) மாற்றித் தருவோம். மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, வரிக்கு வரி சான்று சேருங்கள். எது கிடைக்கவில்லையோ அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கோயில் கட்டுரைக்காரருக்கும் இதைத்தான் எழுதியிருக்கிறேன், கூடவே ஆண்டறிக்கையில் அவர் ஊர் எந்த வட்டத்தின் கீழ் வரும் என்றும். பழைய அறிக்கைகளில் வட்டமும் மாவட்டமும் இன்றைய எல்லைப்படி இருக்காது, அங்கேதான் பலரும் தேடி அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.