பார்வையற்றவருக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறார், பார்வை அறவே இல்லை. கல்லூரி திறப்பதற்குள் லேப்டாப் வாங்க வேண்டும். பாலக்காட்டில் விசாரித்த கடையில் பெரிய திரையும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்களாம். படித்தது தமிழ் வழியில், அரசுப் படிவங்கள் வருவது மலையாளத்தில், இனிமேல் பாடநூல் ஆங்கிலத்தில். எதை வாங்குவது?

திரைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பது, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் நிரலான ஸ்கிரீன் ரீடர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

ஸ்கிரீன் ரீடர் என்றதும், அது திரையில் தெரிவதை நம்மைப் போலப் பார்த்து வாசிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 80 எழுத்து அகலம், 25 வரி. திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் நினைவகத்தில் எழுத்தாகவே இருக்கும். அதை எடுத்துக் குரலுக்கு அனுப்பினால் போதும். ஐபிஎம்மில் ஜிம் தாட்சர் 1986-இல் செய்ததும், கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் 1989-இல் ‘ஜாஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்ததும் இந்த வகைதான். விண்டோஸ் வந்ததும் அந்த வசதி போய்விட்டது. திரையில் எழுத்துகள் இல்லை, வண்ணப் புள்ளிகள் மட்டுமே. ஒரு நிரல் ‘இங்கே இந்த எழுத்தை வரை’ என்று திரைக்கு அனுப்பும் கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, திரையின் நகல் ஒன்றைத் தனியாகக் கட்டிச் சமாளித்தார்கள். ஒவ்வொரு விண்டோஸ் மாற்றத்திலும் அது ஆட்டம் கண்டது.

1997-இல் மைக்ரோசாஃப்ட் ‘ஆக்டிவ் அக்சசிபிலிட்டி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஸ்கிரீன் ரீடர் ஊகிக்க வேண்டாம், தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை நிரலே சொல்லட்டும் என்பது அதன் அடிப்படை. கண்ணுக்குத் தெரியும் சன்னலுக்குப் பின்னால் ஒவ்வொரு நிரலும் ஒரு மரத்தை வைத்திருக்கும். வேர், சன்னல். கிளைகள், அதற்குள் இருக்கும் பகுதிகள். இலைகள், ஒவ்வொரு பொத்தானும் பெட்டியும் இணைப்பும். ஒவ்வொரு இலையும் நான்கு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உன் பெயர் என்ன? நீ என்ன வகை? இப்போது எந்த நிலையில் இருக்கிறாய்? உன்னுள் என்ன மதிப்பு இருக்கிறது?

கல்லூரிக் கட்டணப் பக்கத்தில் மாணவி டேப் விசையை அழுத்துகிறார் என்று வையுங்கள். ‘கவனம் இந்த இலைக்கு நகர்ந்துவிட்டது’ என்று நிரல் ஒரு செய்தி எழுப்புகிறது. ஸ்கிரீன் ரீடர் உடனே அந்த இலையிடம் கேட்கிறது. பெயர்: விடுதிக் கட்டணம். வகை: செக்பாக்ஸ். நிலை: டிக் செய்யப்படவில்லை. இதை ஒரு வரியாகக் கோத்துக் குரலுக்கு அனுப்புகிறது. விசையை விடுவதற்குள் காதில் கேட்டுவிடும். அந்தப் பெட்டி திரையில் எந்த மூலையில் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை யாரும் பார்க்கவே இல்லை. அதே பதிலைப் பிரெயில் கருவிக்கு அனுப்பினால் ஊசிப்புள்ளிகளாக எழும். திரையைக் கழற்றி வைத்தாலும் இதில் எதுவும் நிற்காது. கம்ப்யூட்டர் துறையில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இணையப் பக்கம் என்றால் இன்னும் அழகு. உலாவி தரும் மரத்தை ஸ்கிரீன் ரீடர் ஒரு நீண்ட சுருளாக விரித்துத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. அம்புக்குறி விசையால் வரிவரியாக நடக்கலாம். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, கே என்றால் அடுத்த இணைப்பு, டி (T) என்றால் அடுத்த அட்டவணை. நாம் கண்ணை ஓட்டிப் பக்கத்தை மேய்வதற்கு ஈடு இதுதான். ஆனால் பக்கத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காமல் வெறும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் எச் விசைக்குப் பிடி கிடைக்காது. ஒரு படத்தைப் பொத்தான் மாதிரி வரைந்து பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால் ‘பட்டன்’ என்று மட்டும் கேட்கும். பணம் கட்டும் பட்டனா, ரத்து செய்யும் பட்டனா? கண்டக்டர் ‘ஸ்டாப்பிங்’ என்று மட்டும் சொல்லி ஊர்ப்பெயரைச் சொல்லாத பஸ்ஸில் போவது போலத்தான்.

ஆகவே, நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது பெட்டியை அல்ல. அன்றாடம் தேவைப்படும் நிரல்களின் மரங்கள் எங்கே ஒழுங்காக இருக்கின்றனவோ அந்த அமைப்பை.

மாணவிக்கு என் பரிந்துரை விண்டோஸ், அதில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவரோடு சேர்ந்து வளர்த்தது. இலவசம், நிரல்வரிகளும் திறந்தவை. கல்லூரிகளும் அலுவலகங்களும் விண்டோஸில் இருப்பதால் கற்றது வேலையிலும் கைகொடுக்கும். ஜாஸ் நல்லது, விலைதான் அதிகம். ஆப்பிளின் மேக்கில் 2005 முதல் வாய்ஸ்ஓவர் உள்ளேயே வருகிறது. பெட்டியைப் பிரித்து முதன்முறை இயக்கும்போதே பேசும். ஆனால் அதில் பிழை வந்தால் மாறிக்கொள்ள வேறு ஸ்கிரீன் ரீடர் இல்லை, ஆப்பிள் சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸில் ஓர்கா இருக்கிறது. கேரளப் பள்ளிகள் லினக்ஸில் ஓடுவதால் உங்கள் பக்கத்தில் அது பழக்கமான பெயர். பார்வையற்றவர்களுக்கென்றே ‘அக்சசிபிள் கோக்கனட்’ என்ற லினக்ஸும் கேரளத்தில் உருவாகியிருக்கிறது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் லினக்ஸின் திரை அமைப்பு பழைய எக்ஸிலிருந்து வேலேண்டுக்கு மாறிவரும் இந்த ஆண்டுகளில், முதல் கம்ப்யூட்டராக அதைச் சொல்லத் தயங்குகிறேன். விண்டோஸ் கைவந்த பிறகு பழகலாம்.

மிச்சப்பட்ட பணத்தை எங்கே போடுவது? எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம், 8 ஜிபி ரேம், கம்பி இயர்போனுக்கான துளை. புளூடூத்தில் ஒலி சற்றே பிந்தி வரும். பாட்டுக் கேட்க அது பொருட்டில்லை. ஒவ்வொரு விசைக்கும் பதில் எதிர்பார்ப்பவருக்கு அந்தப் பிந்தல் நாளெல்லாம் சேரும். சில லேப்டாப்களில் சத்தம் இல்லாத நொடிகளில் ஒலிச்சில்லு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும், விழிப்பதற்குள் முதல் அசை போய்விடும். ‘முருகன்’ ‘ருகன்’ ஆகிவிடுவார். வாங்கும் முன் காதால் சோதிக்க வேண்டிய இடம் இது. என்விடிஏ கட்டளைகளுக்கு வேண்டிய இன்சர்ட் விசை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் திரை மட்டும் பேசாது, அங்கே பார்வையுள்ள ஒருவர் உதவ வேண்டியிருக்கும்.

அப்புறம், மூன்று மொழி. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் இதைச் சுலபமாகக் கையாள்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எண்வரிசையில் தனித்தனி இடம் உண்டு. எழுத்தின் எண்ணைப் பார்த்தே எந்த மொழியின் விதிப்படி ஒலிப்பது என்று முடிவெடுத்து, ஒரே வாக்கியத்துக்குள்கூட மாறிக்கொள்ளும். மலையாளத்தில் க, ga, gha ஒலிகளுக்கெல்லாம் தனி எழுத்து இருப்பதால் வேலை எளிது. தமிழில் ஒரே ‘க’ கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி; பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் ஒலியைத் தீர்மானிக்க வேண்டும். குரல் இயந்திரத்தனமாகவே இருக்கும். ஆனால் அளவில் மிகச் சிறியது, உடனே பதில் சொல்லும், வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் தெளிவு குலையாது. பழகியவர்கள் நமக்கு ஒன்றுமே புரியாத வேகத்தில் கேட்கிறார்கள். கண்ணை எடுத்த தெய்வம் காதைக் கூர்மையாக்கிக் கொடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். அது அந்த மாணவியின் உழைப்பைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது. பல மாதப் பயிற்சியில் வருகிற திறமை அது, பயிற்சி கிடைக்காத பார்வையற்றவருக்கு வராது.

ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கான பேச்சொலியில் அரசு நிதியுடன் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறது. அந்த மாதிரி வேலைக்கு நிதி தொடர வேண்டும். அதிலும், மனிதக் குரல் போல இனிப்பதைவிட, பழைய லேப்டாப்பிலும் தாமதமின்றி மின்னல் வேகத்தில் பேசும் தமிழ்க் குரலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அது வாசிக்காது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், தமிழ்போலத் தெரிவது வேஷம். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆசிரியர்களிடம் பாடக்குறிப்பை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். பேசாத கல்லூரிச் செயலி, பெயரில்லாத பட்டன் வைத்த வங்கிப் பக்கம் எதிர்ப்பட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எல்லைக்கு இரு பக்கமும் செல்லும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைக்கு மாணவியையும் கூட்டிப்போங்கள். என்விடிஏவை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். வீட்டிலேயே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய், கடைக்காரரிடம் கேட்டு, திரை வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அரைமணி நேரம் மாணவியையே இயக்கச் சொல்லுங்கள். பென் டிரைவைச் செருக விடாத கடையில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் பேசும். வீட்டுக்கு வந்து என்விடிஏவை நிறுவிய பிறகு எப்போதாவது அது நின்றுபோனால் கன்ட்ரோல், ஆல்ட், என் (N) மூன்றையும் அழுத்தினால் திரும்ப எழும். அதுவும் எழாத நாளில் நரேட்டரை எழுப்பி, அதைக்கொண்டு என்விடிஏவைச் சரிசெய்துகொள்ளலாம்.