மீன்தொட்டி ஸ்டாண்டில் எடை எதன் மேல் உட்காருகிறது?

மீன்தொட்டியை நாம் அடிக்கணக்கில் வாங்குகிறோம். இரண்டு அடித் தொட்டி, நாலு அடித் தொட்டி என்றுதான் கடையிலும் பேச்சு. கிலோ கணக்கு யாரும் கேட்பதில்லை. நான் தச்சுப் பட்டறை நடத்துகிறவன். ஸ்டாண்ட் செய்ய வேண்டும் என்று வருகிறவர்களிடம், தாங்களே செய்யப் போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடமும், நான் முதலில் கேட்பது மரத்தைப் பற்றியோ டிசைனைப் பற்றியோ இல்லை. "தண்ணியோட சேர்த்து என்ன எடை வரும்?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

கணக்கு சுலபம்தான். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல், ஆக மொத்தம் சுமார் 255 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விளிம்பு வரை நிரப்ப மாட்டோம் என்று கழித்தாலும் 230 கிலோவுக்குக் குறையாது. 10 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டி காலியாகவே 50 கிலோ. அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்பினால் அது ஒரு நாற்பது கிலோ. கல் இருக்கிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் குறையும், சரி, அதையும் கழித்தாலும் மொத்தம் 300 கிலோவைத் தாண்டிவிடும். நாலைந்து பெரிய ஆட்கள் ஒரு மேஜை மேல் ஏறி, இரவு பகல் இறங்காமல் வருடக்கணக்கில் நிற்பதற்குச் சமம். அந்த "இறங்காமல்" என்பதுதான் முக்கியம். ஒரு நாள் தாங்கிய மரம் என்றைக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. சுமை விடாமல் இருந்தால் மரம் மெல்ல மெல்லத் தொய்யும்.

இரண்டு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி என்கிற சின்னத் தொட்டிக்கு இவ்வளவு கவலை வேண்டாம். 56 லிட்டர்தான் பிடிக்கும், எல்லாம் சேர்ந்து எண்பது கிலோவுக்குள் அடங்கும். உறுதியான பழைய மேஜை இருந்தால் போதும். ஆனால் டி.வி. ஸ்டாண்ட், ஷூ ராக் என்று கடையில் வாங்கிக் கோத்த சாமான் மேல் அதைக்கூட வைக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திய பலகை. இன்றைய டி.வி.க்கு அது போதும். தொட்டியிலிருந்து சிந்துகிற தண்ணீர் ஓரத்து ஒட்டு வழியாக உள்ளே போனால் பலகை உப்பிவிடும், உப்பியது திரும்ப இறங்காது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கும் இதே கதைதான்.

இனி ஸ்டாண்டுக்கு வருகிறேன். கால் நொறுங்கி விழுந்த மர ஸ்டாண்டை நான் பார்த்ததே இல்லை. மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் உள்ள நல்ல மரக் கால், நேராக மேலிருந்து வரும் எடையை நம் தொட்டி கொடுப்பதைவிடப் பல மடங்கு தாங்கும். கெட்டுப்போவது எப்போதும் இணைப்பில்தான். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். வேறு எங்கோ செய்து வாங்கிய ஸ்டாண்ட், பார்க்க லட்சணமாக இருந்தது. நாலு கால்களையும் நிறுத்தி, மேல் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் முட்ட வைத்து, இரண்டிரண்டு ஸ்க்ரூ ஏற்றியிருந்தார்கள். அதாவது தொட்டியின் முழு எடையும் அந்த ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் சட்டம் காலைவிட்டு ஒரு நூல் இறங்கி இடைவெளி தெரிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். தண்ணீரை இறைத்துவிட்டுக் கழற்றினால், ஒரு ஸ்க்ரூ உள்ளேயே முறிந்து கிடந்தது.

அந்த ஸ்க்ரூ நம் ஊரில் எல்லா வேலைக்கும் போடுகிற கறுப்பு ஸ்க்ரூ. அது ஜிப்சம் பலகையைக் கூரையில் பிடித்து நிறுத்துவதற்காக வந்தது. கூர்மையாக இருக்கும், டிரில்லில் சர்ரென்று இறங்கும், விலையும் குறைவு, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் வளையாது, படக்கென்று முறியும். ஈரம் பட்டால் சீக்கிரம் துருவும் பிடிக்கும். தொட்டி ஸ்டாண்டுக்கு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். கடல் மீன் வளர்க்கிறவர்கள் என்றால் இதில் சமரசமே கூடாது, உப்புத் தண்ணீர் எல்லா இடுக்கிலும் ஏறும்.

நல்ல ஸ்க்ரூ போட்டாலும் அடிப்படை மாறாது. ஸ்க்ரூவின் வேலை மரத்தை விலகாமல் பிடித்துக்கொள்வது. எடையைத் தாங்குவது மரத்தின் வேலை. உங்கள் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டதாக மனதுக்குள் நினைத்துப் பாருங்கள். தொட்டி மேல் சட்டத்தில் உட்கார்ந்து, சட்டம் காலின் தலையில் உட்கார்ந்து, கால் தரையில் நின்றால் வடிவம் சரி. எங்கேயாவது ஒரு துண்டு அந்தரத்தில் தொங்கினால் அங்கேதான் பிரச்சினை வரும்.

எங்கள் தொழிலில் இதற்குப் பழைய வழி, ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு என்று வெட்டி இறக்குவது. உளியும் கொட்டாப்புளியும் கையில் பழகாதவர்கள் அதற்குப் போக வேண்டாம். வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இரட்டைக் கால். மேலே ஒரு செவ்வகச் சட்டம், கீழே அதே அளவில் இன்னொன்று. நாலு மூலையிலும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு கட்டையை நிற்க வையுங்கள். மேல் சட்டம் அதன் தலைமேல் உட்கார வேண்டும், அதன் அடி கீழ்ச் சட்டத்தின் மேல் இருக்க வேண்டும். பிறகு அந்தக் கட்டையை ஒட்டி வெளிப்புறமாக, மேலிருந்து கீழ் வரை முழு நீளத்தில் இன்னொரு கட்டை. அதைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இரண்டு சட்டங்களோடும் சேர்த்து இறுக்குங்கள். உள்கட்டை எடையைத் தாங்கும், வெளிக்கட்டை மூலையைக் கலையாமல் பிடிக்கும். நாலு உள்கட்டைகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், அதில் மட்டும் அலட்சியமே காட்டாதீர்கள். நாலையும் சேர்த்து அடுக்கி ஒரே கோட்டில் அறுப்பது நல்லது. பசை, தண்ணீர் தாங்கும் வகை வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும்.

மேல் சட்டத்துக்கு மூன்றுக்கு ஒன்றரை அங்குலக் கட்டை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படுக்க வைக்காமல், மூன்று அங்குலம் உயரமாக வருகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். அதே கட்டைதான், அதே காசுதான். ஆனால் படுக்க வைத்ததைவிட நிறுத்தி வைத்தால் வளையாமல் நிற்கும் திறன் நாலு மடங்கு. உயரம் இரட்டித்த ஒரு சட்டம், அகலம் அதேயாக இருந்தால், எட்டு மடங்கு விறைப்பு. ஆகவே காலை இன்னும் தடியாக்கலாமா என்று யோசிப்பதை விட்டுவிட்டுச் சட்டத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். நாலு அடிக்கு மேல் நீளமிருந்தால் நடுவில், முன்னும் பின்னும் ஒவ்வொரு கால்.

அப்புறம் பக்கவாட்டு ஆட்டம். மேலிருந்து எவ்வளவு எடை வைத்தாலும் அசையாத ஸ்டாண்ட், குழந்தை ஒரு பக்கம் இழுத்தால் சாய்சதுரமாகச் சரியலாம். பின்பக்கம் முழுக்க ஒரு பிளைவுட் தகட்டை அடித்துவிடுங்கள், நீளவாக்கில் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு பக்கவாட்டிலும் அதே போல அடித்தால் முன்னும் பின்னும் ஆடுவதும் நிற்கும். உயரம் முப்பது அங்குலத்துக்குள் வைத்துக்கொள்வது என் விருப்பம். நின்றபடி பார்க்க உயரமாக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஒன்றரை அடி அகல ஸ்டாண்டில் நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

மரம் எது? தேக்கு என்றால் பேச்சே இல்லை, பட்ஜெட்தான் பேசும். வேங்கை நல்லது, கனமாக இருக்கும். வேம்பு கிடைத்தால் போடலாம், ஆனால் நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். மரவாடியில் அன்றைக்கு அறுத்த மரத்தில் ஸ்டாண்ட் செய்தால், மூன்றாவது மாதம் கால் முறுக்கிக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் பழைய வீடு இடித்த மரச் சாமான் கடைக்குப் போங்கள். நிலைக்கட்டை, உத்தரத் துண்டு என்று பல வருடம் காய்ந்த மரம் அங்கே கிடக்கும், இனி அது புதிதாகச் சுருங்கப் போவதில்லை. உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு ரம்பம் வையுங்கள். சரக்குப் பெட்டிகளில் வரும் பைன் மரத்தை எடுப்பவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். மேல் பலகைக்குப் பிளைவுட் என்றால் 18 அல்லது 19 மி.மீ. கனம், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை. கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பலகையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டியிலிருந்து சிந்தும் தண்ணீருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் ஸ்டாண்டை அழிப்பது கீழேயிருந்து வரும் தண்ணீர். நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறோம், வெள்ளிக்கிழமை என்றால் வாளித் தண்ணீரே ஊற்றுகிறோம். காலின் அடிப்பகுதி மரத்தின் வெட்டுமுகம். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய அதே குழாய்கள் அங்கேதான் திறந்து கிடக்கின்றன, அந்த வழியாக ஈரத்தை உறிஞ்சும். மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு அடியை அப்படியே விட்டுவிடுகிறோம். பெயின்ட் அடிக்கும்போது ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, முதலில் அடிகளுக்கு இரண்டு மூன்று கோட் கொடுங்கள். கூடவே ஒவ்வொரு மூலைக்கும் கீழே கடப்பைக் கல்லோ கிரானைட்டோ ஒரு துண்டு. மரம் தரையைத் தொடக் கூடாது. கரையான் ஏறினாலும் அந்தக் கல் மேல் மண் தெரிந்துவிடும்.

பெயின்டோ பி.யூ. பாலிஷோ அடித்த வாடை முழுக்கப் போன பிறகுதான் தொட்டி ஏற வேண்டும். காற்று பம்பை ஸ்டாண்ட் அலமாரிக்குள் வைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பம்ப் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. உள்ளே தின்னர் வாடை இருந்தால் அதுவும் தண்ணீரில் கரையும். மீன் சோர்ந்தால் கடைக்காரரைத் திட்டுவோம். அலமாரிக் கதவு வைப்பதானால் பின்பலகையில் காற்றுத் துளைகள் விடுங்கள், இல்லையென்றால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

எங்கே வைப்பது? "ஈசானிய மூலையில் வைக்கணுமாம், அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மூலையில் காலை வெயில் நேராக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், விழுந்தால் தொட்டி பாசி பிடித்துப் பச்சையாகும். மாடி வீடு என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. குடியிருப்பு அறைகளில் ஆளும் சாமானும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ வரும் என்ற கணக்கில்தான் தளத்தை வடிவமைப்பது வழக்கம். நாலு அடித் தொட்டி அரை சதுர மீட்டர் சொச்சத்தில் 300 கிலோவை வைக்கிறது. கான்கிரீட் தளம் அந்த எடையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும், அதனால் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடுகிற இடத்தில் வைத்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அறையின் நடுவிலும் பால்கனியிலும் வேண்டாம். ஆறு அடிக்கு இரண்டு, இரண்டு என்று ஆசைப்பட்டால் தண்ணீர் மட்டுமே 680 லிட்டர், கண்ணாடியும் கல்லும் சேர்ந்து முக்கால் டன்னுக்கு மேல் போகும். அதற்குத் தச்சனைக் கேட்காதீர்கள், கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியில் பெரிய தொட்டியே வேண்டாம் என்பேன். அந்த உத்தரத்தின் முனை சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், பிறகு மூலைக்கு மூலை குறுக்காக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்கச் சற்றுத் தாழ்ந்திருந்தால் பெரிய ஆபத்து இல்லை, தண்ணீர்க் கோடு சாய்வாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரே ஒரு மூலை மட்டும் இறங்கியிருப்பதுதான் மோசம். கண்ணாடி வளையாது. எடை ஏறும்போது அது அந்த மூலையில் முறுக்கு வாங்கும், சிலிக்கான் ஒட்டு பிரியும் அல்லது அடிக்கண்ணாடி விரிசல் விடும். சரிசெய்வதைக் காலுக்கு அடியில் கல்லின் கீழே மெல்லிய தகடு கொடுத்துச் செய்யுங்கள், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டை செருகாதீர்கள். தொட்டிக்கு அடியில் போடும் தெர்மகோல், பலகையின் சின்ன மேடு பள்ளத்தையும் ஒரு மணல் துகளையும் மன்னிக்கும். கோணலான சட்டத்தை மன்னிக்காது.

மின்சாரம் பற்றி இரண்டே வார்த்தை. பிளக் போர்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், பக்கவாட்டில் உயரமாக வையுங்கள். ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு முறை கீழே தொங்கிவிட்டு ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வீட்டில் இல்லையென்றால் தொட்டி வாங்கும் பணத்தில் முதலில் அதைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தண்ணீரை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம். கால்வாசி நிரப்பி மட்டம் பாருங்கள். பாதியில் ஒரு முறை, முழுக்க நிரம்பியதும் ஒரு முறை. மறுநாள் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். முந்தின நாள் நுழையாத இடத்தில் நுழைந்தால் மரம் நகர்ந்திருக்கிறது, தண்ணீரை இறக்கிவிட்டு அந்த மூலையைச் சரிசெய்யுங்கள். தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து மீன் விடத் தயாராக எப்படியும் சில வாரம் ஆகும், ஆகையால் இந்த இரண்டு நாள் தாமதத்தால் நஷ்டம் எதுவும் இல்லை.