அதிபர் எழுதாத நாட்குறிப்பு

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் 2021 ஜனவரி 6 அன்று தாக்கப்பட்டதைப் பற்றிய ஒரு காணொலியை அண்மையில் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அதிபரின் தினசரி நாட்குறிப்பில் அந்த மணி நேரங்கள் வெறுமையாக உள்ளன’ என்ற பொருளில் ஒரு வரி ஓடியதும், பக்கத்தில் இருந்த என் மைத்துனர் திரும்பி, “டிரம்ப் டைரி எல்லாம் எழுதுவாரா? எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டாரா, இல்லை அன்றைக்கு எழுதவே இல்லையா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. ‘நாட்குறிப்பு’ என்று சொன்னால் தமிழ் படித்த எவருக்கும் படுக்கப் போகும் முன் ஒருவர் தம் கைப்பட எழுதும் ஏடுதான் நினைவுக்கு வரும். 2022 மார்ச்சில் இந்தச் செய்தி வெளிவந்தபோதே இந்தச் சொல்லாட்சியைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன். அதன்பின் எத்தனை முறை கண்ணில் பட்டது என்று எண்ணவில்லை. இனிப் பொறுப்பதற்கில்லை.

பேசப்படும் பொருள் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மாளிகையில் அதிபர் ஒரு நாளில் எத்தனை மணிக்கு எங்கே சென்றார், யாரைச் சந்தித்தார், யாரோடு தொலைபேசியில் பேசினார் என்பதை நேரவரிசையில் பிறர் எழுதித் தொகுக்கும் அலுவல் ஆவணம் அது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பிரசிடென்ட்ஸ் டெய்லி டைரி’. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் மாளிகைப் பணியாளர் வைத்திருந்த வருகைப் பதிவும் சுருக்கெழுத்தாளர் வைத்திருந்த சந்திப்புப் பதிவும் தனித்தனியாக இருந்தன. லிண்டன் ஜான்சன் காலத்தில் அவருடைய அறைக்கு வெளியே அமர்ந்திருந்த செயலாளர்கள் நிமிடக் கணக்காக எழுதினார்கள். ரிச்சர்டு நிக்சன் காலத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவர்கள் வெள்ளை மாளிகையிலேயே இருந்து அதைத் தொகுக்கத் தொடங்கினார்கள். அதிபர் ஆவணங்கள் நாட்டின் உடைமை என்று 1978-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்றவர்கள் அனைவரையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆகவே இந்த ஏட்டை எழுதுபவர் அதிபர் அல்லர். அது அவருடைய சொத்தும் அன்று.

ஒரே ஒரு தாளை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். 1969 ஜூலை 20-ஆம் நாளுக்கான நிக்சனின் தாளில், மேற்பகுதியில் நாள் தொடங்கிய இடத்துக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், கிழமைக்கு ஒரு கட்டம். கீழே உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று இரு பத்திகள். தொலைபேசிக்குத் தனிப் பத்திகள்: அழைப்பு அதிபர் விடுத்ததா, அவருக்கு வந்ததா, உள்ளூரா, வெளியூரா என்பதை ஓரெழுத்தில் குறித்துவிடுவார்கள். கடைசியில் அகலமான பத்தியில், நடந்தது என்ன என்பது ஒவ்வொரு வரியில். இரவு 12 மணிக்குச் சற்று முன், நிலவில் நின்றிருந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கோடும் எட்வின் ஆல்டிரினோடும் அதிபர் ‘கோள்களுக்கு இடையேயான உரையாடல்’ நடத்தினார் என்று அந்தப் பத்தி சொல்கிறது. நிலவு ஒரு கோளா என்று வானியலார் முகம் சுளிக்கலாம். ஒன்பது கோள்களில் திங்களையும் சேர்த்து எண்ணும் நமக்கு அதில் மனக்குறை இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. மனிதன் நிலவில் கால் வைத்த இரவிலும் அந்தத் தாளில் வியப்போ மகிழ்ச்சியோ ஒரு சொல்லும் இல்லை. ‘நான்’ இல்லை, ‘அதிபர்’ என்ற படர்க்கைதான் வரிக்கு வரி வருகிறது. தன்மையில் பேசாத ஒன்றை நாட்குறிப்பு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

சொற்பிறப்பை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். டைரி என்பதன் மூலம் நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த ‘டியாரியம்’ முதலில் ஓர் ஆளுக்கு அன்றன்று அளந்து தரும் உணவைக் குறித்து, பிறகு அன்றன்று எழுதும் ஏட்டையும் குறித்தது. நம் ‘படி’ என்ற சொல்லும் அளந்து தரும் தினப்படியாகவும், ‘தினப்படி நடப்பது’ என்னும்போது நாள்தோறும் என்ற பொருளிலும் வருவதை எண்ணினால் இந்த ஒற்றுமை சுவையானது. ஒற்றுமை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

‘நாட்குறிப்பு’ என்பதை விடமாட்டேன் என்பவர்கள் சொல்லும் வாதங்களில் வலுவானது, நம் காவல் நிலையங்களிலேயே ‘பொது நாட்குறிப்பு’, ‘வழக்கு நாட்குறிப்பு’ என்று வழங்குகிறதே என்பது. உண்மைதான். ஆனால் வழக்கு நாட்குறிப்பை எழுதுபவர் யார்? புலனாய்வு செய்யும் அதிகாரியே தாம் எங்கே போனோம், யாரை விசாரித்தோம் என்று நாள்தோறும் எழுதுகிறார். செய்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்பதால் அங்கே அந்தச் சொல் ஒருவாறு நிற்கிறது. பொது நாட்குறிப்பு நிலையத்தின் ஏடு. அது ஓர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்வதில்லை. ‘ஆய்வாளரின் பொது நாட்குறிப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டிரம்பின் நாட்குறிப்பு’, ‘நிக்சனின் நாட்குறிப்பு’ என்று ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்த்த அந்தக் கணமே எழுதும் கை அவருடையது என்று தமிழ் சொல்லிவிடுகிறது. கோளாறு பாதி சொல்லில், பாதி உருபில்.

இரண்டாவது வாதம் ஆனந்தரங்கப் பிள்ளையைத் துணைக்கு அழைப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதியதில், ஆளுநர் மாளிகைக்கு யார் வந்தார், எந்தக் கப்பல் எப்போது கரை சேர்ந்தது, எத்தனை பீரங்கி முழங்கிற்று என்பதெல்லாம் இருக்கின்றனவே, அதை நாட்குறிப்பு என்கிறோமே என்பார்கள். அவர் தாமே வைத்த தலைப்பை இவர்கள் முழுதாகப் படிப்பதில்லை. ‘தினப்படிச் சேதிக்குறிப்பு’ என்பதோடு ‘சொஸ்த லிகிதம்’ என்றும் அவர் சேர்த்தார். தன் கைப்பட எழுதியது என்று பொருள். அவருக்குத் தெரிந்திருந்த வேறுபாடு நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியவில்லை. துப்ளெக்ஸ் அன்று என்ன செய்தார் என்பதும் அதில் உண்டு. ஆனால் அதை எவரும் துப்ளெக்சின் நாட்குறிப்பு என்று சொல்வதில்லை.

ஆங்கிலத்திலேயே டைரி என்றுதானே இருக்கிறது, மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா என்பது மூன்றாவது வாதம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் அலுவல் ஏட்டையும் அந்தரங்க ஏட்டையும் ஒருசேரச் சுமக்கிறது. தமிழில் ‘நாட்குறிப்பு’ பள்ளிக் கட்டுரையிலும் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றிலும் அந்தரங்கத்தின் பக்கமே நெடுங்காலமாகச் சாய்ந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் வைப்பது உண்மையாக இருப்பதாகாது. மேலும் ‘தினசரி நாட்குறிப்பு’ என்று தினத்தையும் நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ‘நடு சென்டர்’ என்பதற்கும் ‘கேட்டு வாசல்’ என்பதற்கும் பங்காளி. ஆங்கிலப் பெயரிலும் அந்த அடுக்கு உண்டு என்பது உண்மையே; மூலத்தில் உள்ள பழுதையும் சேர்த்துக் கொண்டுவரும் அளவுக்கு நமக்கு விசுவாசம் வேண்டியதில்லை.

இந்தப் பிடிவாதத்தால் வரும் உண்மையான சேதம், இரண்டு ஏடுகள் ஒருங்கே இருக்கும்போது தெரியும். ரொனால்டு ரேகன் தம் கைப்பட நாட்குறிப்பு எழுதிவந்தவர். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு விடுதிக்கு வெளியே அவர் சுடப்பட்டார். அன்றைய நாளுக்கும் அலுவல் ஏடு உண்டு. நேரமும் இடமும் நகர்வும் அதில் இருக்கின்றன. அதே நாளைப் பற்றி, ஏப்ரல் 11 அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் ரேகன் தம் நாட்குறிப்பில் எழுதினார். குண்டு பட்டால் வலிக்கிறது என்ற எளிய வாக்கியம் அதில்தான் வருகிறது. ஒன்று நடந்ததைச் சொல்கிறது, மற்றது நேர்ந்ததைச் சொல்கிறது. இரண்டுக்கும் ‘ரேகனின் நாட்குறிப்பு’ என்றே பெயரிட்டால், வரலாறு படிக்கும் மாணவர் அடிக்குறிப்பில் எதைச் சுட்டுவார்? ஜிம்மி கார்ட்டருக்கும் இதே சிக்கல் உண்டு. அவரும் தமக்கென்று தனியே நாட்குறிப்பு வைத்திருந்தவர்.

இந்த இரண்டும் போதாதென்று மூன்றாவதாக ஒன்று வந்து சேர்கிறது. உளவு அமைப்புகள் அதிபருக்கு நாள்தோறும் அளிக்கும் இரகசியச் சுருக்கம் ஒன்று உண்டு. 1961-இல் கென்னடிக்காகத் தொடங்கி, 1964-இல் ‘பிரசிடென்ட்ஸ் டெய்லி பிரீஃப்’ என்ற இன்றைய பெயரைப் பெற்றது. பின் லேடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதிகொண்டுள்ளதாக 2001 ஆகஸ்டு 6 அன்று புஷ்ஷிடம் தரப்பட்டது அதுதான். அதையும் நம்மவர்கள் ‘தினக்குறிப்பு’ என்று எழுதுகிறார்கள். அதிபருக்கு எழுதப்பட்டது, அதிபரைப் பற்றி எழுதப்பட்டது, அதிபரே எழுதியது என்று நான்காம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் முதல் வேற்றுமைக்கும் உரிய மூன்று பொருள்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று. உளவுச் சுருக்கத்தை ‘அன்றாட உளவறிக்கை’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

சரி, வேறு என்ன சொல்வது? என் பரிந்துரை ‘நாள்வழி’. புதிதாகச் செய்த சொல் இல்லை. கடை வைத்திருந்தவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். என் தாத்தாவின் கடையில் கணக்குப்பிள்ளை, பகலெல்லாம் வந்த சிட்டைகளை, அதாவது துண்டுச் சீட்டுகளை, சுவரில் தொங்கிய ஒரு வளைந்த கம்பியில் குத்திவைப்பார். கடை சாத்தும் நேரத்தில் கம்பியைக் கழற்றி, சிட்டைகளை அடியிலிருந்து வரிசையாக எடுத்து, சாய்வு மேசையில் வைத்த நாள்வழியில் ஒவ்வொன்றாக ஏற்றுவார். அந்த ஏட்டில் தாத்தாவின் பெயர் உண்டு, அவர் கொடுத்ததும் வாங்கியதும் உண்டு. எழுத்து மட்டும் அவருடையதில்லை. வெள்ளை மாளிகையில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். தொலைபேசி இணைப்பகத்திலிருந்து ஒரு பட்டியல், மெய்க்காவலரிடமிருந்து நகர்வுக் குறிப்பு, மாளிகைப் பணியாளரிடமிருந்து இன்னொன்று, சந்திப்பு நிரல் ஒன்று என்று வந்து சேரும் சிட்டைகளை நேரவரிசையில் ஏற்றுவதுதான் தொகுப்பாளரின் வேலை. விருந்தினர் பட்டியல் நீளமானால் இணைப்பாகப் பின்னால் சேர்த்துவிடுவார்கள்.

நாள்வழி கணக்கு வழக்குக்குரிய சொல், ஆட்சித் துறைக்கு ஆகாது என்று ஒருவர் என்னிடம் மறுத்தார். ‘பேரேடு’, ‘ஐந்தொகை’ என்பவை கணக்குக்கே உரியவை என்பதை ஒப்புகிறேன். நாள்வழி என்பதில் பணம் எங்கே இருக்கிறது? நாளின் வழியே செல்வது, அவ்வளவுதான். ஐயம் வரும் என்று தோன்றினால் ‘அதிபர் நாள்வழிப் பதிவேடு’ என்று முழுதாக எழுதிக்கொள்ளலாம். இலங்கைப் பள்ளிகளில் இத்தகைய ஏட்டுக்குச் ‘சம்பவத் திரட்டு’ என்ற பெயர் வழக்கில் உள்ளது. வடசொல் கலந்தது என்று தூய தமிழ் அன்பர்கள் தள்ளினாலும், பொருள் தெளிவில் அது நாட்குறிப்பைவிட நூறு மடங்கு மேல். ஒரே தொல்லை, இலங்கையில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர், நாட்டின் தலைவர் ஜனாதிபதி. ‘அதிபரின் சம்பவத் திரட்டு’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் வேறொரு மேசையை நினைத்துக்கொள்வார்.

ஆள்பவரின் ஒரு நாளை மற்றொருவர் கையால் எழுதிவைப்பது நமக்குப் புதிதும் அன்று. ஆனைமங்கலச் செப்பேட்டில் முதலாம் இராசராசனின் ஆணை, ஆட்சியாண்டு 21, நாள் 92 என்று எண்ணோடு தொடங்கி, தஞ்சாவூர் மாளிகையில் எந்த மண்டபத்தில் அவன் இருந்தபோது சொன்னான் என்பதையும் குறிக்கிறது. வாய் அரசனுடையது, எழுத்து ஓலை எழுதுவானுடையது. அதை இராசராசனின் நாட்குறிப்பு என்று எந்தக் கல்வெட்டறிஞரும் சொன்னதில்லை.

சொல்லைச் சரியாக வைத்தால் செய்தியின் கூர்மையே மாறுகிறது. 1972 ஜூன் 20-இல் நிக்சனும் அவருடைய தலைமை அலுவலர் ஹால்டிமனும் பேசிய ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்து கிடக்கிறது. அவர்கள் சந்தித்த நேரம் மட்டும் ஏட்டில் அப்படியே இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பதை அதில் தேடுபவர் ஏமாறுவார், ஏனெனில் அதைச் சொல்ல அந்த ஏடு ஏற்படவில்லை. 1974 ஆகஸ்டு 9 என்ற ஒரே தேதிக்கு நிக்சனுக்கு ஒன்றும் ஃபோர்டுக்கு ஒன்றுமாக இரண்டு நாள்வழிகள் இருக்கின்றன. பதவி மாறியதால் ஏடும் மாறியது.

என் மைத்துனர் படித்த அந்த வரிக்கு வருவோம். 2021 ஜனவரி 6-இன் நாள்வழியில் பிற்பகல் 1.21 முதல் 4.03 வரை பதிவு ஏதும் இல்லை. வெள்ளை மாளிகையின் அலுவல் தொலைபேசிப் பதிவில் காலை 11.17 முதல் மாலை 6.54 வரை, 7 மணி 37 நிமிடத்துக்கு, ஓர் அழைப்பும் இல்லை. அந்த நேரத்தில் அதிபர் பலரோடு பேசியதற்குச் சாட்சியங்கள் இருக்கின்றன. வரியைத் திருத்தி எழுதுவதானால் இப்படி எழுதியிருப்பேன்: ‘அன்றைய நாள்வழியில் அந்த மணி நேரங்களுக்கு எதுவும் ஏற்றப்படவில்லை.’ நான் இதைச் சொன்னதும் மைத்துனர் உடனே கேட்டார்: “ஏற்ற வேண்டியவருக்குச் சிட்டை போகவில்லையா, போயும் ஏற்றவில்லையா?”